மஞ்சள் வளையம் போட்ட கோழிகள்

ஜூலை 3, வியாழன்

காலை ஏழுக்கே வெயில் சுட்டது. மடுகரை பஸ் இருபது நிமிடம் தாமதம். வில்லியனூரில் ஏறி கடைசி வரை நின்றுகொண்டே பயணம். ஒரு ஆள் பக்கத்து சீட்டில் பையை வைத்து இடம் பிடித்திருந்தார். கேட்டால் ஆள் வருதாம். நான் இறங்கும்வரை யாரும் வரவில்லை.

பழைய நோட்டு நேற்றோடு தீர்ந்தது. இது புதிது. எழுதாமல் இருக்க முடியாது எனக்கு. ஹாஸ்டலில் சமையல் வேலை பார்த்தபோது ஒரு எண்ணெய் டின் காணாமல் போய், "நீதான் எடுத்திருப்ப பிலோமினா" என்றார்கள். என்றைக்கு டின் வந்தது, என்றைக்குத் தீர்ந்தது என்று என்னிடம் ஒரு வரி எழுத்து இல்லை. வாயால் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. அன்றிலிருந்து நாள் தவறுவதில்லை. இனி என் மேல் யாரும் பழி போட முடியாது.

ஷெட்டில் எல்லாம் சரி. வெள்ளைக் கோழி பன்னிரண்டு. சேவல் கிடையாது. ஆறுக்குக் காலில் மஞ்சள் வளையம், ஆறுக்கு நீலம். எதற்கு இந்த இரண்டு நிறம் என்று, ஆராய்ச்சி செய்கிற வித்யா மேடம் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று சொன்னது இவ்வளவுதான்: "கோழியோட பாட்டன் முப்பாட்டனுக்கு இருந்த ஒரு குணத்த எழுப்பிப் பாக்கறோம், பிலோமினாம்மா. முட்டைக்குள்ள இருக்கும்போதே சின்னதா ஒரு மாத்தம் செஞ்சிருக்கோம். எந்தக் குணம்னு கேக்காதீங்க. சொன்னா உங்க கண்ணு அதையே தேடும்."

ஜூலை 21 வரை பார்ப்பார்களாம். அதற்குள் வர வேண்டியது வராவிட்டால் பன்னிரண்டையும் ஊசி போட்டு எரித்துவிடுவார்கள். விற்கக் கூடாது, தின்னக் கூடாது. முட்டையைக்கூட எண்ணி எழுதிவிட்டுச் சுண்ணாம்புக் குழியில் போட வேண்டும். இவ்வளவு பயப்படுகிறவர்கள் உள்ளே என்ன செய்து வைத்திருக்கிறார்களோ.

7-ஆம் நம்பர் (மஞ்சள்) காலையிலிருந்து கூட்டை விட்டு எழவில்லை. கை நீட்டினால் சிலிர்த்துக்கொண்டு கொத்த வருகிறது. அடை. அடை படுத்தால் முட்டை நின்றுவிடும். அது தெளிய வாளித் தண்ணீரில் வயிறு நனைய நாலு முக்கு முக்கி வெயிலில் விட்டேன். சாயங்காலம் தெளிந்து மேய்கிறது.

பெருக்க வரும் அஞ்சலை வாளியைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாக்கா, வெள்ளக் கோழிகூட அடை படுக்குமா? பண்ணையில நாலு வருசம் கூட்டிக்கினு இருந்தேன். ஒண்ணுகூட படுத்தது இல்ல." பண்ணையில் இருந்தேன், பண்ணையில் இருந்தேன் என்று எதற்கெடுத்தாலும் ஒரு பீத்தல். கோழி என்றால் அடை படுக்கத்தான் செய்யும். பத்து வயதிலிருந்து கோழி வளர்த்தவள் நான்.

ஜூலை 5, சனி

புழுக்கம். பஸ் ஸ்டாப்பில் இரண்டு பேர்:

"அந்தக் கரும்புத் தோட்டத்து ஷெட்ல கோழிக்குப் பல்லு மொளைக்க வெக்கிறாங்களாமே?"

"பல்லு இல்லபா. வாலு. பல்லிக்கு மாரி நீட்டா."

நான் அந்த ஷெட்டுக்குப் போகிறவள் என்று காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் போனதும் முதல் வேலையாக ஒவ்வொன்றாய்ப் பிடித்து அலகைத் திறந்து விரல் விட்டுத் தடவினேன். பல் இல்லை. வால் எலும்பு பழையபடி. இறக்கை நுனியில் நகம் இல்லை. 10-ஆம் நம்பர் என் விரலைக் கடித்தது. பல் இல்லாத கடி.

2 (மஞ்சள்) அடை. முக்கினேன். ஒரே முறையில் தெளியவில்லை. மதியம் இன்னொரு முறை.

அஞ்சலை, "மூக்குல எறகு செருகலாமாக்கா?" என்றாள். அடை தெளிய அதுவும் ஒரு வழிதான். வேண்டாம் என்றேன். மேடம் பார்த்தால் கத்துவார். தண்ணீர் போதும்.

ராத்திரி சாப்பாட்டில் சவரியிடம் சொன்னேன். அவருக்கு மூலக்குளத்தில் மூன்றாம் மாடி கான்கிரீட், களைப்பு. "பல்லு வந்தா வரட்டும்டி. நீ கைய விடாத, அவ்ளோதான்." கட்டின கணவனுக்கு என் விரலைப் பற்றியாவது கவலை இருக்கிறது. சந்தோஷம்.

வாங்க வேண்டியது: பாத்திரம் தேய்க்கும் நார், கொசுவத்தி, ஜெபமாலைக்கு நூல்.

ஜூலை 8, செவ்வாய்

மேடம் வந்த நாள். செவ்வாய், வெள்ளி, ஒரு மணி நேரம். ரத்தம் எடுத்தார். எடுத்த குழாய்களை ஃபிரிட்ஜில் வைத்துப் பூட்டினார். சாவி கழுத்திலேயே. தண்ணீர் பாட்டில் வைக்கக்கூட நமக்கு அந்த ஃபிரிட்ஜ் கிடையாது. இந்த மேடம் முகத்தைப் பார்த்தால் நம்பத் தோன்றவில்லை. சிரிப்பதே இல்லை. சின்ன வயசுதான், முப்பத்திரண்டு இருக்கும், அதற்குள் நெற்றியில் மூன்று கோடு.

உள்ளே இருந்த கேமராவின் ஒயரை எலி கடித்துவிட்டதாம். வேறு வரவில்லையாம். எலியா? வாட்ச்மேன் கோவிந்தசாமி அண்ணனைக் கேட்டால் சிரிக்கிறார். "எனுக்கு இன்னா தெரியும் தங்கச்சி, நான் கேட்டாண்ட இருக்கறவன்." எல்லாம் தெரிந்தவர்கள் இப்படித்தான் பேசுவார்கள்.

பதிவேட்டைப் புரட்டினார். முட்டை, தீவனம், தண்ணீர், எடை. கடைசிப் பத்தி, 'புதிதாக எதுவும் கண்டால்'. தினமும் 'ஒன்றுமில்லை' என்று எழுதியிருக்கிறேன். அதை விரலால் மேலிருந்து கீழே தடவிப் பார்த்தார்.

"நிஜமாவே ஒண்ணும் இல்லையா?"

"பல்லு, வாலு, நகம் எதுவும் இல்ல மேடம்."

ஒரு மாதிரி பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஹாஸ்டலில் பார்த்த பார்வை.

புதுத் தீவன மூட்டை பத்து வந்தது. சுவரோரம் அடுக்கியாயிற்று. இடுப்பு விட்டுப்போயிற்று.

ஜூலை 11, வெள்ளி

நேற்று ராத்திரி நல்ல மழை. பாதையெல்லாம் சேறு. செருப்பு வார் அறுந்து ஒரு காலோடு ஷெட்டுக்கு வந்தேன். அஞ்சலை ஊக்கு கொடுத்தாள்.

9 அடை, 12 அடை. இரண்டும் மஞ்சள். ஒரே நாளில் இரண்டு. மேடம் வருவதற்குள் முக்கித் துடைத்து விட்டேன். முட்டை எண்ணிக்கை குறைந்தால் என் பராமரிப்பு சரியில்லை என்றுதான் பேச்சு வரும்.

அஞ்சலை: "அந்தப் புக்குல எழுதிடுக்கா. இது அடை படுக்குது, நான் முக்கறேன்னு."

"இன்னாத்துக்குடி? அடை படுக்கறது ஒரு அதிசயமா?"

"வெள்ளக் கோழிக்கு அதிசயந்தான்."

யோசித்துப் பார்த்தேன். எதற்கு இவள் என்னை எழுதச் சொல்கிறாள்? எழுதினால் மேடம் கேட்பார், யாரைக் கேட்டுத் தண்ணீரில் முக்கினாய் என்று. என் இடத்துக்கு யார் வருவார்? பண்ணையில் நாலு வருடம் இருந்தவள். மாட்டிவிடப் பார்க்கிறாள். இத்தனை நாள் அக்கா அக்கா என்றது இதற்குத்தான்.

'ஒன்றுமில்லை' என்று எழுதினேன். மேடம் வந்தார், பார்த்தார், போனார். டீ வேண்டாம் என்றார்.

ஜூலை 14, திங்கள்

வானம் மூட்டம். மழை இல்லை.

4-ஆம் நம்பர் ஆறு நாளாக முட்டை இல்லை. முதலில் சத்துக் குறைவு என்று நினைத்தேன். இன்று காலை பிடித்து விரல் விட்டுப் பார்த்தேன். முட்டை கையில் தட்டுப்பட்டது. மதியத்துக்குள் இட்டாக வேண்டும். நான் குழிக்குப் போய்விட்டு வருவதற்குள் வயிறு காலி. கூட்டில் முட்டை இல்லை. வைக்கோலைக் கலைத்தேன், தொட்டிக்கு அடியில் பார்த்தேன். மூட்டைகளுக்குப் பின்னால் கை நுழையாத சந்து, கோழி எப்படி நுழையும்.

அந்த நேரத்தில் உள்ளே இருந்தது அஞ்சலை மட்டும்.

தினமும் ஒரு துணிப்பை கொண்டு வருகிறாள். போகும்போது மார்போடு அணைத்துக்கொண்டு போகிறாள். வீட்டில் இரண்டு பிள்ளை. முட்டை என்றால் ஆசைப்படும்தான். ஆனால் இது தின்னக் கூடாத முட்டை. பிள்ளைகளுக்கு ஏதாவது ஆனால்? அதுவும் ஒரு பயம் எனக்கு. முதல் பயம் வேறு. முட்டைக் கணக்கு இடித்தால் யாரைக் கேட்பார்கள்? என்னை.

இந்த முறை நான் முந்திக்கொள்ள வேண்டும்.

ஜூலை 15, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

மேடம் முகம் வெளுத்துவிட்டது. "இந்த முட்டை ஒண்ணு வெளிய போனாலும் எல்லாத்தையும் மூடிடுவாங்க. நிச்சயமா தெரியுமா?"

"பாக்கல மேடம். ஆனா அவள விட்டா ஆள் கிடையாது."

அஞ்சலையைக் கூப்பிட்டுப் பையைத் திறக்கச் சொன்னார். டிபன் டப்பா, ஒரு பழைய புடவை, பெண்ணின் பள்ளிக்கூடச் சட்டை, தைக்கக் கொடுக்க. முட்டை இல்லை. இன்று இல்லை என்றால் என்றுமே இல்லை என்றாகிவிடுமா?

அவள் மேடத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "நான் எடுக்கலக்கா." அவ்வளவுதான். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு நடந்து போனாள்.

நாளையிலிருந்து வர வேண்டாம் என்று கோவிந்தசாமி அண்ணனிடம் சொல்லி அனுப்பினார்கள்.

நிம்மதியாக இருக்க வேண்டும். இல்லை.

ஜூலை 16, புதன்

பெருக்குவதும் நானே. இடுப்பு வலி. 5 (மஞ்சள்) அடை. வாளியைப் பிடிக்க ஆள் இல்லாமல் பாதித் தண்ணீர் என் மேலேயே. கோவிந்தசாமி அண்ணன் காலையில் முகம் கொடுத்துப் பேசவில்லை.

4 இன்றும் முட்டை இல்லை. அஞ்சலை போய் ஒரு நாள் ஆயிற்று. பிறகு யார்?

அண்ணனாக இருக்குமோ.

ஜூலை 18, வெள்ளி

நேற்று ஆடி பிறந்தது. காற்று. மேடம் வந்து ரத்தம் எடுக்கவில்லை. தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். திங்கட்கிழமை பெரிய சார் வருகிறாராம், எரிக்கும் வண்டியோடு. அப்படியே போலீஸ் ஸ்டேஷனுக்கும் போய் அஞ்சலை மேல் எழுதிக் கொடுப்பாராம். முட்டை காணவில்லை என்றால் அதுதான் முறையாம்.

"அவ்ளோதான் பிலோமினாம்மா. முடிஞ்சிடுச்சி."

"பல்லே வரலயா மேடம்?"

"பல்லா? யார் சொன்னா?" சிரித்தார். இத்தனை நாளில் முதல் முறை. "இனிமே சொன்னா என்ன. அடைதான் நாங்க தேடினது. முட்டை மேல உக்கார்றது. காட்டுக் கோழி எல்லாம் உக்காரும். நிறைய முட்டை வேணும்னு உக்காராத கோழியாவே பொறுக்கிப் பொறுக்கி வளத்துட்டாங்க. இந்த வெள்ளைக்கு அது மறந்தே போச்சு. ஆனா உள்ள எங்கயோ தூங்கிக்கிட்டு இருக்கு. அத எழுப்பத்தான் மஞ்சள் வளையம் போட்ட ஆறுக்கும் மாத்தம் செஞ்சோம். இது ஒண்ணு எழுந்தா, மத்த மிருகத்துல தூங்கறதையும் எழுப்பலாம். ஒண்ணுகூட உக்காரலயே. நீங்க தினமும் ஒன்றுமில்லைன்னு எழுதறப்ப எனக்கு வயிறு எரியும்."

எனக்கு அப்போதுதான் எரிந்தது. "அப்படியா மேடம்" என்றேன். அவர் எழுந்து ஒவ்வொரு கோழியின் தலையையும் தடவிவிட்டுப் போனார். நான் தீவனக் கிண்ணத்தை இரண்டு முறை கழுவினேன்.

ஜூலை 19, சனி

ஷெட்டுக்குப் போய் வந்தேன். வீட்டுக்கு வந்து இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன்.

தண்ணீரில் நான் முக்கிய கோழிகள்:
7 — மஞ்சள்
2 — மஞ்சள்
9 — மஞ்சள்
12 — மஞ்சள்
5 — மஞ்சள்

நீலம் ஒன்றுகூட இல்லை. மஞ்சள் ஆறில் ஐந்து எழுந்தது. ஐந்தையும் நான் வாளியில் முக்கித் திரும்பத் தூங்க வைத்திருக்கிறேன். அஞ்சலை இரண்டு முறை சொல்லியிருக்கிறாள். இரண்டும் என் கையெழுத்திலேயே இருக்கிறது. பக்கத்தில் பீத்தல் என்றும் எழுதியிருக்கிறேன்.

சொன்னால் என்ன ஆகும்? வேலை போகும். இவ்வளவு ஆராய்ச்சியைக் கெடுத்தவள் என்று பெயர். ஸ்டேஷனில் அஞ்சலை பெயருக்குப் பதில் என் பெயர் வரலாம். ஹாஸ்டலில் செய்யாததற்குத் தலைகுனிந்தேன். இது செய்தது.

சொல்லாவிட்டால்? ஒருவருக்கும் தெரியாது. கோழிகள் எரியும்.

சவரியிடம் சொன்னேன். தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, "அந்த நோட்டப் பத்திரமா வெச்சியே, இன்னாத்துக்கு வெச்ச?" என்றார். கோபம் வந்தது.

ஜூலை 20, ஞாயிறு

காலைப் பூசை. சாமியார் பிரசங்கம் ஒன்றும் காதில் ஏறவில்லை. ஷெட்டில் ஞாயிறு தீவனம் அண்ணன் பொறுப்பு.

பூசை முடிந்து நேராக அஞ்சலை வீட்டுக்கு. அவர்கள் தெருவில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற நாள். ஸ்பீக்கர் சத்தம். வாசலில் நின்றேன். துரத்துவாள் என்று நினைத்தேன். சொம்பில் கூழும், மேலே கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்து கையில் கொடுத்தாள்.

"குடிக்கா. வெயில்ல வந்துகீற."

இப்போது கரும்புத் தோகை உரிக்கப் போகிறாளாம். கையெல்லாம் கீறல். போலீஸ் விஷயம் கோவிந்தசாமி அண்ணன் சொல்லியிருக்கிறார். அவள் வீட்டுக்காரர் கடலூரில் ஆளைத் தெரியும் என்று போயிருக்கிறார். எதற்கு ஆள்? எடுக்காத முட்டைக்கு.

எல்லாவற்றையும் சொன்னேன். அடைதான் அவர்கள் தேடியது என்றும் சொன்னேன். ஆச்சரியப்படவில்லை.

"அன்னிக்கே நெனச்சேன். வெள்ளக் கோழி படுக்குதுன்னா அதுல ஏதோ கீதுன்னு."

"அப்ப பைய தொறக்கச் சொன்ன அன்னிக்கே மேடத்தாண்ட சொல்ல வேண்டியதுதானடி, நான் முக்கறேன்னு!"

"சொன்னா உன்னயும் அனுப்புவாங்க. ரெண்டு வூட்லயும் அடுப்பு அணையணுமா?"

சொம்பைக் கீழே வைத்தேன். அவளைப் பற்றி எத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன். அவளுக்குப் படிக்கக் கிடைத்தால் என்ன நினைப்பாள். அழுதேன். தெருவில் போகிறவர்கள் சாமி வந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

ஜூலை 21, திங்கள்

முதல் பஸ். மழைக்காற்று. ஆறே முக்காலுக்கே ஷெட்.

எண்ணினேன். பதினொன்று. மறுபடி எண்ணினேன். பதினொன்று. 4 இல்லை.

அண்ணன்: "நேத்தும் பதினொண்ணுதான் தீவனத்துக்கு வந்துது. ஒண்ண ஊசி போட எடுத்துக்கினு போயிட்டாங்களோன்னு இருந்தேன்."

இரண்டு பேருமாக மேல் மூட்டைகளை இறக்கினோம். கை நுழையாத சந்து என்று எழுதியிருந்தேனே, அதன் கடைசியில், மேலிருந்து இறங்க இடமுள்ள சுவர் மூலையில், எங்கிருந்தோ இழுத்துவந்த வைக்கோல் மேல் 4, மஞ்சளில் ஆறாவது. இறகை அகல விரித்து உட்கார்ந்திருக்கிறது. கிட்டே போனதும் சிலிர்த்தது. வலது கையில் ரத்தம் வரக் கொத்தியது. ஒரு பக்கம் சரிந்தபோது கீழே பார்த்தேன். எட்டு முட்டை.

காணாமல் போன முட்டை எல்லாம் அங்கேதான் இருந்தது. ஒரு கோழி எட்டு நாள் ஒளித்து ஒளித்துச் சேர்த்துவிட்டு, இப்போது மேலே படுத்திருக்கிறது. சேவல் இல்லாத முட்டை, ஒன்றும் பொரிக்காது. அதற்கு அது தெரியாது. அண்ணன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

பழக்கத்தில் கை வாளிப் பக்கம் போனது. வாளியைக் கொண்டுபோய் வெளியே கவிழ்த்துவிட்டு வந்தேன்.

பதிவேட்டில் கடைசிப் பத்தி: '4 அடை படுத்திருக்கிறது.' இத்தனை நாளில் முதல் முறையாக ஒன்றுமில்லை என்று எழுதாத வரி.

ஆனால் ஒரு கோழி போதுமா? தற்செயல் என்பார் பெரிய சார். மற்ற ஐந்தும் படுத்தது என்பதற்கு இருக்கிற ஒரே சாட்சி இந்த நோட்டு. கோழிப் பக்கங்களை மட்டும் கிழித்துத் தரலாமா என்று பார்த்தேன். கிழித்த நோட்டை ஒருத்தி கொண்டுவந்து நீட்டினால் நான் நம்புவேனா? மாட்டவே மாட்டேன். முழுசாகத் தருகிறேன். ஃபிரிட்ஜ் பற்றி, முகத்தைப் பற்றி எழுதியதெல்லாம் மேடம் படித்துக்கொள்ளட்டும்.

கேட் திறக்கும் சத்தம். மேடம் வண்டிதான்.

தண்ணீரில் முக்கியது நான், பிலோமினா. எழுதச் சொன்னது அஞ்சலை. முட்டையை யாரும் எடுக்கவில்லை. எட்டும் நாலாம் நம்பருக்குக் கீழே இருக்கிறது. எண்ணிப் பார்க்க அதைத் தூக்க வேண்டாம் மேடம். உட்காரட்டும்.